அவசர அழைப்பு மேசைக்கு ஆள் எடுக்கும்போது: யாழ்ப்பாணத்துக்கான வழிகாட்டி

பொலிஸின் 119இலும் அம்புலன்ஸ் சேவையான சுவசெரியவின் 1990இலும் அழைப்பு எடுப்பவர்களை அரசு தன் விதிப்படி எடுத்துக்கொள்ளும். ஊருக்குள் இயங்கும் அழைப்பு மேசைகளின் நிலை வேறு. தனியார் வைத்தியசாலையின் அம்புலன்ஸ் மேசை, உள்ளூராட்சி சபையின் தீயணைப்பு அறை, ஊர்ச் சங்கமும் வெளிநாட்டு உறவுகளும் சேர்ந்து ஓட்டும் அம்புலன்ஸ் சேவை, நல்லூர்த் திருவிழாக் காலத்து முதலுதவிக் கட்டுப்பாட்டு அறை என்று பல உண்டு. இவற்றுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் ‘தெரிந்த பிள்ளை, நல்ல பிள்ளை’ என்ற அளவிலேயே நடக்கிறது. அந்தக் கதிரையில் இருக்கப்போகிறவரை எப்படிச் சோதிப்பது, அவருடைய பின்னணியை எங்கே, எந்த அளவுக்கு விசாரிப்பது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

1990 சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. அந்த அழைப்புகளை எடுக்கும் நிலையம் ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால் இராஜகிரியவில் இருக்கிறது. உள்ளூர் மேசைக்கு இருக்கும் பலம் ஊரை அறிந்திருப்பது. அதன் பலவீனமும் அதுவேதான்: அழைப்பவரை அழைப்பு எடுப்பவருக்குத் தெரிந்திருக்கும். தேர்வின் ஒவ்வொரு படியிலும் இந்த இரண்டையும் மனதில் வைத்திருங்கள்.

வேலையின் ஒழுங்கு

முதலில் விண்ணப்பம். அடுத்து முன்னறிவிப்பில்லாத ஒரு தொலைபேசி உரையாடல், காது–கை சோதனை, மாதிரி அழைப்பு, நேர்முகம். இவற்றில் தேறியவருக்கு மட்டும் ‘விசாரணையும் மருத்துவச் சோதனையும் சரிவந்தால் நியமனம்’ என்று எழுத்தில் கொடுத்துவிட்டு, அதன் பிறகே பொலிஸ் அறிக்கை, சான்றிதழ் உறுதிப்படுத்தல், பழைய வேலையிடத்து விசாரணை, மருத்துவச் சோதனை. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். விண்ணப்பித்த எல்லாரையும் பொலிஸ் அறிக்கை கொண்டுவரச் சொல்வது அவர்களுக்கு வீண் அலைச்சல். எடுக்கப்போகாத ஆட்களின் அந்தரங்கமும் உங்கள் அலுமாரியில் சேரும்.

விண்ணப்பப் படிவத்தில் மூன்று விடயம் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி 5 வருடத்தில் வசித்த எல்லா முகவரிகளும் மாதம், வருடத்தோடு. நீதிமன்றத் தண்டனை, நடக்கும் வழக்கு, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் தனக்கு எதிராகப் பிறப்பிக்கப்பட்ட பாதுகாப்புக் கட்டளை ஆகியவை பற்றிய தன் வாக்குமூலம். விசாரணைக்கான எழுத்துச் சம்மதமும், எங்கெங்கே விசாரிக்கப்படும் என்ற விபரமும். வாக்குமூலம் மிக முக்கியம். பின்னால் வெளிவரும் பழைய சிறு குற்றத்தை விட, அதை மறைத்து எழுதிய கை இந்த வேலைக்குப் பெரிய தடை.

காதும் கையும்

முன்னறிவிப்பில்லாத உரையாடல் 3 நிமிடம் போதும். சந்தை இரைச்சலுக்குள் நின்றுகொண்டு எடுங்கள். ‘என்ன? திருப்பிச் சொல்லுங்கோ’ என்று அமைதியாகக் கேட்கிறாரா, கேட்காததைக் கேட்டதாகத் தலையாட்டிக்கொண்டு போகிறாரா என்பது அந்த 3 நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது எழுதும் சோதனை. ஒலிப்பதிவில் 10 தொலைபேசி இலக்கங்கள், 10 முகவரிகள். இலக்கங்களை எங்கள் ஆட்கள் சொல்லும் விதத்திலேயே பதிவு செய்யுங்கள்: ‘சைபர் ஏழு ஏழு, டபிள் த்ரீ, நாப்பத்தொண்டு’ என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து, இடையில் மூச்சு வாங்கி. 10க்கு 10 சரியாக வர வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. அழைப்பு துண்டுபட்டால் திருப்பி எடுக்க அந்த இலக்கம் ஒன்றுதான் வழி. முகவரியில் 8 சரியாக வந்தால் போதும், மிச்சத்தைப் பயிற்சியில் சரிப்படுத்தலாம்.

முகவரிகளைத் தெரிவதில் கவனம் வேண்டும். கோண்டாவில், கொக்குவில், கோப்பாய் மூன்றும் அழுதுகொண்டு சொல்லும் குரலில் ஒன்றுபோலவே கேட்கும். உடுவிலும் உடுப்பிட்டியும் அப்படித்தான். ஒன்று வலிகாமத்தில், மற்றது வடமராட்சியில், இடையில் வண்டி தவறிப் போனால் திரும்பி வரும் நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். ‘கே.கே.எஸ். ரோட்’ என்று மட்டும் சொன்னால் அது யாழ்ப்பாண நகரத்தில் இருந்து காங்கேசன்துறை வரை ஓடும் வீதி. பொயின்ற் பீட்றோ, கயிற்ஸ், டெல்வ்ற் என்று ஆங்கிலப் பெயரில் சொல்லப்படுபவை பருத்தித்துறை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று யோசிக்காமல் கையில் வர வேண்டும். நெடுந்தீவு என்றால் வண்டி மட்டும் போதாது, குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து கடல் கடக்க வேண்டும் என்பதும் உடனே நினைவுக்கு வர வேண்டும்.

தட்டச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பலர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசைப்பலகையில் பழகியவர்கள். புதிய மென்பொருள் யுனிகோட்டில்தான் ஓடும். இளம் பிள்ளைகளோ கைத்தொலைபேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் அடித்துப் பழகியவர்கள். உங்கள் மேசையில் இருக்கும் கணினியில், அதே விசைப்பலகையில், பேசிக்கொண்டே அடிக்கச் சொல்லிப் பாருங்கள். வேகமாக அடிக்கும் ஆள் பேச்சு வந்ததும் கையை நிறுத்திவிடுவார் என்றால், அந்த வேகம் மேசையில் உதவாது.

மொழியைப் பொறுத்தவரை தமிழ் சரளமாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிங்களத்தில் முகவரி கேட்க, நோயாளி மூச்சு விடுகிறாரா என்று கேட்க, ‘வண்டி வருகிறது, இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தாலே போதும். நயினாதீவு நாகவிகாரைக்கு வரும் யாத்திரிகர்கள் நிறைந்த ஒரு பஸ் விபத்துக்குள்ளானால் அழைப்பு சிங்களத்தில்தான் வரும்.

மாதிரி அழைப்பு

தேர்வின் இதயம் இதுதான். அழைப்பவராக நடிக்க அனுபவமுள்ள தாதி ஒருவரை அடுத்த அறையில் இருத்துங்கள். ஒவ்வொன்றும் 4 நிமிடத்துக்கு மேற்படாத மூன்று அழைப்புகள்: நினைவிழந்து விழுந்த ஆள், வீட்டுக்குள் அடிபடும் பெண், வெறும் விளையாட்டாகத் தெரியும் ஓர் அழைப்பு. முதலாவது இப்படிப் போகலாம்:

‘தம்பி, கெதியா வாங்கோ, இவர் விழுந்திட்டார்!’

‘வாறம் அம்மா. எந்த ஊரில நிக்கிறீங்கள்?’

‘எங்கட வீட்டிலதான். பிள்ளையார் கோயிலடி.’

‘எந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலடி அம்மா?’

‘கொக்குவில்… ஸ்ரேசனடி.’

‘கொக்குவில் ஸ்ரேசனடி. ஒழுங்கைப் பேர் என்ன? ’

‘கோயில் ஒழுங்கை. மூண்டாவது வீடு.’

‘ஐயா கூப்பிட்டாக் கண் முழிக்கிறாரோ?’

‘இல்லை. குறட்டை விடுற மாதிரிக் கிடக்கு.’

இந்தக் கடைசி வரியில்தான் பலர் தவறுகிறார்கள். ‘குறட்டை விடுகிறார், அப்படியென்றால் மூச்சு இருக்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். இதயம் நின்றவருக்கு முதல் சில நிமிடம் இழுத்து இழுத்து வரும் மூச்சு கேட்பவருக்குக் குறட்டை போலத்தான் இருக்கும். கூப்பிட்டால் விழிப்பில்லை, மூச்சும் வழமைபோல் இல்லை என்ற இரண்டும் சேர்ந்தால், நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டிய நேரம் அது: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம். விண்ணப்பதாரருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. சோதனைக்கு முன் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்து 15 நிமிடம் வாசிக்க விடுங்கள். வாசித்ததை அழுகைக் குரலுக்கு நடுவில் பிரயோகிக்கிறாரா என்பதே சோதனை.

புள்ளி கொடுக்கும்போது அன்பான குரலுக்கு அதிகம் கொடுக்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அதைக் கொஞ்சம் அடக்குங்கள். இடத்தைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினாரா, தொலைபேசி இலக்கத்தை முதல் நிமிடத்திலேயே எடுத்தாரா, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்டாரா, வண்டி வரும்வரை அழைப்பவரைப் பிடித்து வைத்திருந்தாரா என்பவற்றுக்குத்தான் முக்கால்வாசிப் புள்ளி. வண்டி வேறு வேலையில் இருக்கும்போது ‘1990க்கு எடுங்கோ’ என்று தயங்காமல் சொல்லும் ஆளுக்கு மேலதிகமாகக் கொடுங்கள். தன் நிறுவனத்தின் பெயரைக் காக்க அழைப்பவரைக் காத்திருக்க வைப்பவர் வேண்டாம்.

மூன்றாவது அழைப்பு, அதாவது விளையாட்டாகத் தெரிவது, ஒரு காரணத்துக்காகச் சேர்க்கப்படுகிறது. குழந்தையின் சிரிப்புப் போலத் தொடங்கி, மூன்றாவது வசனத்தில் ‘அம்மா எழும்பிறா இல்லை’ என்று வரட்டும். எத்தனை பேர் அதற்கு முன்பே இணைப்பைத் துண்டிக்கிறார்கள் என்று பாருங்கள்.

அடையாளமும் சான்றிதழும்

தேசிய அடையாள அட்டையின் மூலப்பிரதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த வருடம், அடுத்த 3 இலக்கம் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 1995 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் அட்டை 1995561 என்று தொடங்கும். இங்கேதான் அலுவலகங்கள் தடுமாறுகின்றன. 1995இல் மார்ச் 1 நாட்காட்டிப்படி 60ஆவது நாள், அட்டையிலோ 61. எல்லா வருடத்திலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே இந்த எண் போடப்படுகிறது. இது தெரியாமல், பிறப்புச் சான்றிதழோடு ஒரு நாள் ஒத்துப்போகவில்லை என்று நல்ல விண்ணப்பதாரரைச் சந்தேகிக்காதீர்கள். பழைய அட்டையில் வருடத்துக்கு 2 இலக்கம் மட்டும். அடுத்த மூன்று இலக்கத்தின் கணக்கு அதேதான்.

க.பொ.த. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளை நிழற்பிரதியில் நம்ப வேண்டாம். சுட்டிலக்கமும் வருடமும் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் ஊடாக உறுதிப்படுத்தலாம். முதலுதவிச் சான்றிதழ் என்றால் பயிற்சி கொடுத்த அமைப்பைக் கேளுங்கள். அதில் உள்ள திகதியையும் பாருங்கள். பத்து வருடத்துக்கு முந்திய முதலுதவிப் பயிற்சி இப்போது புதிதாகப் படிக்க வேண்டியதே.

கிராம உத்தியோகத்தரின் நற்சான்றிதழ், பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு, 6 மாதத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். அதனிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்காதீர்கள். வதிவிடத்தை உறுதிப்படுத்த அது நல்ல ஆவணம். குணத்தைப் பற்றி அது சொல்வது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த வசனம். சென்ற வருடம் மாற்றலாகி வந்த உத்தியோகத்தருக்கு அந்தப் பிள்ளையை எவ்வளவு தெரிந்திருக்கும்? சமாதான நீதவானும் கோயில் குருக்களும் பங்குத்தந்தையும் தரும் கடிதங்களும் அப்படித்தான். வாங்கி வைக்கலாம், முடிவு அதில் நிற்கக்கூடாது.

பொலிஸ் அறிக்கை

விண்ணப்பதாரரே விண்ணப்பித்துப் பெற வேண்டும். தெரிந்த பொலிஸ் உத்தியோகத்தரை அழைத்து ‘இந்தப் பெடியனைப் பற்றி ஒருக்காப் பாருங்கோ’ என்று கேட்பது ஊரில் சாதாரணமாக நடப்பது. அதைச் செய்யாதீர்கள். எழுத்தில் இல்லாத தகவலுக்குப் பொறுப்பு யாருக்கும் இல்லை. பிழையான ஆளின் தகவலாக இருந்தாலும் திருத்த வழியில்லை. எங்கள் பெயரமைப்பில் தகப்பன் பெயரும் தன் பெயரும் ஒன்றாயிருக்கும் இருவர் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருப்பது புதினமல்ல. அறிக்கையில் உள்ள அடையாள அட்டை இலக்கத்தை ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள்.

பொலிஸ் விசாரணை, அறிக்கைக்கான விண்ணப்பத்தில் எழுதிய முகவரிகளைப் பிடித்துக்கொண்டுதான் போகும். இரண்டு வருடம் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தவர் தன் ஊர் முகவரியை மட்டும் எழுதினால் அந்த இரண்டு வருடம் விசாரணைக்குள் வராது. உங்கள் படிவத்தில் 5 வருட முகவரி கேட்டது இதற்காகவே. படிவத்தையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அறிக்கை சிங்களத்தில் வந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். ‘சந்தேகநபர்’, ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’, ‘தண்டிக்கப்பட்டவர்’ என்ற மூன்றும் அரைகுறை மொழிபெயர்ப்பில் ஒன்றாகிவிட்டால் ஒருவருடைய வாழ்க்கை பாழாகும்.

அமெரிக்காவில் அழைப்பு மேசையில் இருப்பவருக்கு எஃப்.பி.ஐ. குற்றத் தரவுத்தளத்தைத் திறக்கும் அனுமதி இருந்தால் கைரேகை எடுத்தே விசாரணை நடக்கும். அதற்குக் காரணம் அந்தத் தரவுத்தளம். உங்கள் மேசையில் அப்படி ஒன்றும் இல்லாதபோது, இணையத்தில் கண்ட வெளிநாட்டுப் படிவத்தைப் பார்த்துக் கைரேகையும் பொய்காட்டும் கருவிச் சோதனையும் வங்கிக் கணக்கும் கேட்பது தேவையற்றது.

போர்க்கால வெற்றிடங்கள்

இங்கே ஆள் எடுக்கிறவர் இதை விளங்கிக்கொள்ளாவிட்டால் அநியாயம் செய்துவிடுவார். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 2008, 2009இல் வன்னியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளையின் பாடசாலைப் பதிவில் ஒரு வருடம் வெறுமையாகக் கிடக்கும்; அதற்குப் பின் செட்டிகுளம் முகாம் முகவரி வரும். பிறப்புப் பதிவேடே அழிந்துபோனவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழோடு வருவார்கள். இவை எதுவும் சந்தேகத்துக்குரியவை அல்ல. அடையாள அட்டை, தேர்தல் இடாப்பு, பாடசாலை விடுகைப் பத்திரம் என்று மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தடுப்பில் இருந்தவர், புனர்வாழ்வு பெற்றவர், வழக்கின்றி விடுவிக்கப்பட்டவர் என்பதைத் தண்டனையாக எண்ணக்கூடாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நீதிமன்றம் எந்தக் குற்றத்துக்காவது தண்டித்ததா? இல்லை என்றால் அந்த விடயம் அங்கேயே முடிந்தது. நேர்முகத்தில் அந்தக் காலத்துக் கதையைக் கிளறுவது கொடுமை. மேசையில் ஒரு நாள் வெடிச் சத்தத்தோடு அழைப்பு வந்தால் அவருக்கு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது; அதற்குரிய இடம் மருத்துவச் சோதனையும் பயிற்சியும். அந்தக் கேள்வியை எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே மாதிரிக் கேட்க வேண்டும்.

பழைய வேலையிடம்

விண்ணப்பதாரர் தரும் கைத்தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காமல், அந்த நிறுவனத்தின் 021 இலக்கத்தை நீங்களே தேடி எடுங்கள். முதலாளியை விட நேரடி மேற்பார்வையாளர் அதிகம் அறிவார். எத்தனை நாள் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றார்? இரவு முறையில் தூங்கினாரா? கோபம் வந்தால் என்ன செய்வார்? உள்வீட்டு விடயம் வெளியே போய் அவர் பெயர் அடிபட்டதுண்டா? கடைசியில், ‘திருப்பி வேலைக்கு எடுப்பீங்களோ?’ இந்தக் கேள்விக்குப் பின் வரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்துக்காக நல்லது சொல்வது எங்கள் ஊர்ப் பண்பு. அதனால் ‘நல்ல பிள்ளை’ என்ற பதிலோடு நிற்காமல் ஒரு சம்பவம் சொல்லச் சொல்லுங்கள்.

வாய் காக்கும் ஆளா?

எந்தச் சான்றிதழிலும் இது வராது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அழைப்பு மேசைகள் கெட்டுப்போக முதல் காரணம் இதுதான். நஞ்சு குடித்த பிள்ளையின் வீடு, கணவன் அடித்த பெண் ஒளிந்திருக்கும் இடம், திருமணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில் வலிப்பு வந்த மகள்: இவற்றில் ஒன்று ஊர் வட்ஸ்அப் குழுவுக்குள் போனால் அடுத்த முறை அந்த ஒழுங்கையில் இருந்து ஒருவரும் அழைக்கமாட்டார்கள். அழைக்காமல் விட்டதால் போகும் உயிர் உங்கள் பதிவேட்டில் வராது.

நேர்முகத்தில் இதை நேராகக் கேளுங்கள். ‘உங்கட பக்கத்து வீட்டுக்கு வண்டி அனுப்பினீங்கள். விடிய வீட்டை போக, அம்மா தேத்தண்ணியோட வந்து “ஏனடா ராத்திரி அங்க அம்புலன்ஸ் வந்தது?” எண்டு கேட்கிறா. என்ன சொல்லுவீங்கள்?’ ‘அம்மாவிட்டை மட்டும் சொல்லுவன்’ என்பவர் நேர்மையானவர். ஆனாலும் இந்த வேலைக்கு ஆகமாட்டார். ‘சொல்லேலாது அம்மா, வேலை விடயம்’ என்ற பதிலைத் தேடுங்கள். அடுத்த கேள்வி: ‘எடுக்கிறது உங்கட சொந்தச் சித்தப்பா எண்டால்?’ சரியான பதில், அழைப்பை இன்னொருவருக்குத் தள்ளாமல் வண்டியை அனுப்பிவிட்டு, அதன் பிறகு மேற்பார்வையாளருக்குச் சொல்வது.

சமூக வலைத்தளத்தில் எல்லாருக்கும் திறந்திருப்பதை மட்டும் பாருங்கள், கடவுச்சொல் கேட்க வேண்டாம். பார்க்க வேண்டியது அவருடைய அரசியலை அல்ல. பழைய வேலையிடத்தில் எடுத்த நோயாளியின் படம், விபத்து நடந்த இடத்து வீடியோ, ஒருவருடைய சாதியையோ மதத்தையோ இழித்த பதிவு: இவை இருந்தால் நிறுத்திவிடலாம். யார் அழைத்தாலும் ஒரே வேகத்தில் வண்டி போக வேண்டிய மேசை இது.

உடலும் முடிவும்

கேட்டல் சோதனை இரண்டு காதுக்கும் தனித்தனியாக, ஹெட்செற் ஒலி அளவில். வரைபடம் பார்ப்பதால் நிறப்பார்வை. இரவு முறைக்கு ஒத்துவராத நோய் உண்டா என்பது. இவ்வளவு போதும், கர்ப்பமா, திருமணம் எப்போது என்ற கேள்விகள் கூடாது.

வன்முறை, பாலியல் குற்றம், சிறுவருக்கு எதிரான குற்றம், களவு, மோசடி, இலஞ்சம், போதைப்பொருள் வியாபாரம் ஆகியவற்றில் தண்டனை இருந்தால் நியமனம் இல்லை. விண்ணப்பத்தில் பொய் எழுதினாலும் அப்படியே. இதே குற்றங்களில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் முடியும்வரை ஒத்திவையுங்கள். வீதிப் போக்குவரத்துத் தண்டப்பணம், பழைய கடன், இளவயதுச் சண்டை போன்றவை நிறுத்துப் பார்க்க வேண்டியவை: எவ்வளவு காலம் ஆனது, தானாகச் சொன்னாரா, அதற்குப் பின் எப்படி இருந்தார். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்து, பிழையிருந்தால் திருத்த 14 நாள் விடுங்கள்.

திருவிழாவுக்கு எடுக்கும் தற்காலிக ஆட்களுக்கும் இதே அளவுகோல்தான். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை இருக்கையில் ஆள் தேடினால் விசாரணை நடக்காது. 25 நாளுக்குத்தானே என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மாதம் முன்பே பட்டியலைத் தயாரியுங்கள்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்ற வழக்கு, தண்டனை, உடல்நலம் பற்றிய விபரங்களைச் சிறப்பு வகைத் தரவு என்று பிரிக்கிறது. பூட்டிய அலுமாரி, திறப்பு இரண்டு பேரிடம் மட்டும். எடுபடாதவர்களின் ஆவணங்களை 6 மாதத்தில் அழித்து, அழித்த திகதியைக் குறித்து வையுங்கள்.

நியமனத்துக்குப் பின் முதல் 6 மாதம் தகுதிகாண் காலம். முதல் 4 கிழமை பக்கத்தில் அனுபவசாலி ஹெட்செற்றோடு இருக்க வேண்டும். பிறகு கிழமைக்கு 5 ஒலிப்பதிவாவது கேட்டுப் புள்ளியிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுத்து, யார் எந்த முகவரியை எப்போது திறந்தார் என்ற பதிவை மாதம் ஒருமுறை புரட்டுங்கள். பொலிஸ் அறிக்கையை 2 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். ஒருவர் விலகினாலோ இடைநிறுத்தப்பட்டாலோ அந்த மணித்தியாலத்துக்குள்ளேயே கடவுச்சொல்லை முடக்கி, மேசையின் வட்ஸ்அப் குழுவிலிருந்தும் அவர் இலக்கத்தை எடுத்துவிடுங்கள். பல இடங்களில் மறக்கப்படுவது அந்தக் கடைசி வேலைதான்.